கிரகணப் பொங்கலுக்கு ரெங்கம் போனது

போகிப் பண்டிகை, புதன்கிழமை காலை. சிங்கப்பூர் டேங்க் ரோடு ஸ்டேஷனில் நான் வந்து இறங்கியபோது ரிக்‌ஷாக்காரர் என் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக ஓர் உலக்கையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். சிரிக்க வேண்டியதுதான். பட்டணத்து ஆள், கோட்டும் தலைப்பாகையுமாக, கையில் உலக்கையோடு ரயிலேறப் போனால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

மற்றச் சாமான்களில் விசேஷம் ஒன்றுமில்லை. வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், கொத்தோடு மஞ்சள், இரண்டு கரும்பு, ஒரு புடவை. என் தங்கை காமாட்சியை ஜோகூர் ராஜ்யத்தில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் தாய் தகப்பன் தஞ்சாவூர்ச் சீமையில் இருக்கிறார்கள். அவர்கள் அங்கிருந்து பொங்கல் சீர் அனுப்ப முடியாது. ஆகவே, துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் நான் வருஷம் தவறாமல் லீவு எடுத்துக்கொண்டு சீர் கொண்டுபோகிறேன்.

இந்த வருஷம், அதாவது 1926-ல், பொங்கலும் தை அமாவாசையும் சூரிய கிரகணமும் ஒரே நாளில் வந்து உட்கார்ந்துகொண்டன. உலக்கை அதனால்தான். கிரகணம் பிடித்ததும் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தினால் அது பிடிப்பில்லாமல் தானாக நிற்கும், கிரகணம் விட்டதும் தானாக விழும் என்பது நம் நாட்டு வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தோட்டங்களில் உலக்கை கிடையாது. ரங்கூன் அரிசி குத்தி, தீட்டி, மூட்டையில் வருகிறது. குத்துவதற்கு நெல் இல்லாத இடத்தில் உலக்கைக்கு என்ன வேலை? தை மாதத்து ஜோகூரில் மழை மூட்டம் வேறு. சூரியன் முகம் காட்டினால்தான் உண்டு. 'கிரகணம் எப்போது விடுகிறதென்று தெரிய வேண்டும், வரும்போது ஓர் உலக்கை வாங்கி வரச் சொல்கிறார்கள் அம்மா' என்று மாப்பிள்ளை சின்னையா எழுதியிருந்தார். சிராங்கூன் ரோட்டில் எண்பது காசுக்கு ஒன்று கிடைத்தது.

சம்பந்தியம்மாளுக்கு இவ்வளவு அவசரம் வரக் காரணம் உண்டு. காமாட்சிக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளை பிறக்கும்போதே உயிரில்லை. இரண்டாவது பத்து நாள்கூடத் தங்கவில்லை. அது வயிற்றில் இருந்தபோது ஒரு சந்திர கிரகணத்தன்று காமாட்சி கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே போனாள், அதனால்தான் போயிற்று என்பது அவள் மாமியார் அங்கம்மாளின் தீர்மானம். அப்படியில்லை என்று அடித்துச் சொல்ல எனக்கும் தெரியாது. இந்த மூன்றாவதும் தவறினால் என் தங்கை என்ன ஆவாள் என்ற நினைப்பு மட்டும் ரயில் புறப்பட்டது முதல் என்னோடு வந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிரகணம் பார்க்க ஆசை. இங்கிலீஷ் பத்திரிகையில் அதைப் பற்றி வந்ததையெல்லாம் படித்திருந்தேன். சுமத்திராவில் சூரியன் முழுதும் மறையுமாம். வெள்ளைக்காரர்கள் தூரதரிசனிக் குழாய்களோடு அங்கே போய்க் கூடாரம் போட்டிருக்கிறார்களாம். நம் பக்கத்தில் முழுதும் மறையாவிட்டாலும் பெரும்பகுதி மறையுமாம். மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிக் கரி பிடித்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சீர் கொண்டுபோவது பாதி, கிரகணம் பார்ப்பது பாதி. அதுதான் உண்மை.

மூன்றாம் வகுப்பில் எனக்கு எதிரே குலாய்க்குப் போகும் ஒரு சீனக் கிழவி உட்கார்ந்திருந்தார். மடியில் பட்டாசுக் கட்டு. என் உலக்கையைப் பார்த்து அவர் கேட்க, அவர் பட்டாசைப் பார்த்து நான் கேட்க, பஜார் மலாயில் பேச்சு பிடித்துக்கொண்டது. வானத்து நாய் சூரியனைக் கடிக்க வரும், தகரத்தைத் தட்டிப் பட்டாசு கொளுத்தினால் பயந்து ஓடிவிடும் என்றார் அவர். எங்களில் பாம்பு விழுங்கும் என்றேன் நான்.

"விழுங்கினா எப்படித் திரும்ப வரும்?" என்று அவர் கேட்டார்.

"அந்தப் பாம்புக்குத் தலை மட்டுந்தான். உடம்பு கெடயாது. கழுத்து வழியா வந்துடும்."

அவர் யோசித்தார். வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்று புறப்படும்வரை யோசித்தார். "அப்ப எங்க நாய்தான் மோசம். அதுக்கு உடம்பு இருக்கு" என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஜலசந்தியின் மேல் இப்போது கற்பாலம் போட்டு வண்டி நேரே அக்கரைக்கே ஓடுகிறது. சில வருஷங்களுக்கு முன்புவரை சாமானோடு இறங்கிப் படகேற வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கரும்பையும் பானையையும் காப்பாற்றுவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும். இன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு போனேன். மழை மேகத்தின் கீழே தண்ணீர் ஈய நிறமாகக் கிடந்தது.

ஜோகூர் பாருவில் சுங்கச் சாவடிக்காரர் ஏறினார். அபின் கடத்துகிறவர்களைப் பிடிப்பது அவர் வேலை. கரும்பை விட்டார், பானையை விட்டார், உலக்கையில் கண் வைத்தார். தட்டிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். பூணைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். இது நெல் குத்துவது என்றேன். நெல் எங்கே என்றார். நெல் இல்லை, கிரகணத்துக்காகக் கொண்டுபோகிறேன் என்றேன். அதைக் கேட்டபின் அவருடைய சந்தேகம் இரண்டு பங்காகிவிட்டது. கடைசியில் அந்தச் சீனக் கிழவிதான், "இவங்க பாம்புக்குத் தலை மட்டுந்தானாம்" என்று தொடங்கி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கினார். சுங்கக்காரருக்கு என்ன புரிந்ததோ, உலக்கையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

குலாயில் கிழவி இறங்கினார். செடெனாக்கைத் தாண்டியபின் இருபுறமும் ரப்பர் மரங்கள்தான், வரிசை வரிசையாக, கண்ணை மூடித் திறந்தாலும் அதே காட்சி. மழை பிடித்துக்கொண்டது. ரெங்கத்தில் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து சுமார் அறுபத்தைந்து மைல். ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல் செம்மண் பாதை. மாட்டு வண்டிக்கு நாற்பது காசு.

வண்டிக்காரர் ஜாவாக்காரர், பெயர் சரிப். நாளைக்கு லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பிறகு அவர்கள் கம்பத்து, அதாவது கிராமத்து, மசூதியில் கிரகணத்துக்கென்று தனித் தொழுகை இருக்கிறதாம். "ஒரு மணிக்கு மேலதான் புடிக்குமாம். உங்காளுங்க எப்ப ஆரம்பிக்கிறாங்க?" என்று கேட்டார். பத்திரிகையிலும் அப்படித்தான் இருந்தது என்றேன். இரண்டு பேரும் ஒத்துப்போனதில் எனக்குத் திருப்தி.

அந்தத் திருப்தி லயத்து வாசல்வரைதான் இருந்தது. கூலி வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும் கட்டடத்துக்குத் தோட்டத்தில் லயம் என்று பெயர். மூன்றாவது வீட்டு வாசலில் அங்கம்மாள் அத்தை நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, கறுத்த, இன்னமும் விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற மனுஷி. சீர் வரிசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. உலக்கையை வாங்கித் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகம் சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் பத்தரைக்குப் புடிச்சு ஒரு மணிக்கு விடுதாம். கோயில் பூசாரி பஞ்சாங்கம் பாத்துச் சொல்லிட்டாரு."

"ஒரு மணிக்கு விடலீங்க அத்தை. ஒரு மணிக்குத்தான் புடிக்கவே ஆரம்பிக்குது" என்றேன். ஊரில் அச்சடித்த பஞ்சாங்கம் ஊருக்குத்தான் சரி, இந்தச் சீமைக்கு வேறு கணக்கு என்று விளக்கவும் விளக்கினேன்.

"சூரியன் என்ன ஊருக்கு ஒண்ணா இருக்கு? அங்க அடிக்கிற வெயிலுதானே இங்கயும் அடிக்குது. பஞ்சாங்கம் எழுதினவங்க என்ன வெவரம் தெரியாதவங்களா?"

சொல்லப்போனால் எனக்கே கொஞ்சம் சந்தேகம் தட்டிவிட்டது. பத்திரிகைக்காரன் மட்டும் பொய் சொல்லமாட்டானா?

காமாட்சி கதவருகில் நின்று சிரித்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. "வாங்கண்ணே" என்றவள், அத்தை அப்பால் போனதும் குரலைத் தாழ்த்தி, "கண்ணாடி கொண்டாந்தீங்களா? அப்புறம் பாத்துட்டு எனக்கு வந்து சொல்லணும், ஒண்ணு விடாம" என்றாள். சின்ன வயதிலேயே எதையும் தொட்டுப் பார்க்காமல் விடாதவள். எங்கள் குடும்பத்து வியாதி அது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பின்கட்டில் யாருமில்லாத சமயம் பார்த்து, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திப் பார்த்தேன். கிரகணம் ஒன்றுமில்லை. உலக்கை ஜோராக நின்றது. சீர் கொண்டுவந்தவன் இதையெல்லாம் வெளியில் சொல்வது மரியாதையல்ல என்று எடுத்து வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, தை முதல் நாள். தோட்டத்துத் துரை பொங்கலுக்கு அரை நாள்தான் விடுவதாக இருந்தாராம். கிரகணத்தன்று எப்படியும் ஒருவரும் காலைப் பெரட்டுக்கு வந்து பேர் கொடுக்கமாட்டார்கள் என்று கணக்கெழுதும் கிராணி எடுத்துச் சொன்னபின் முழு நாளாயிற்று. ஆனால் பொங்கல் நாள் போலவே இல்லை. லயத்தில் ஓர் அடுப்பும் புகையவில்லை. கிரகணம் விட்டுத் தலை முழுகியபிறகுதான் பானை ஏற்றுவது என்று முடிவு. ஊறுகாய் ஜாடியிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பைக்குப் பதில் லாலான் புல்லைக் கிள்ளிப் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் களையென்று காசு கொடுத்துப் பிடுங்குகிற புல்லுக்கு அன்றைக்கு அப்படி ஒரு கௌரவம்.

பத்து மணிக்கு முன்பே காமாட்சியை அடுப்படிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். லயத்து வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். கதவிடுக்கில் சாக்கைச் சொருகினார் அத்தை. நகம் கடிக்கக் கூடாது, உடம்பைச் சொறியக் கூடாது, கத்தி அரிவாளைத் தொடக் கூடாது, காலை மடக்கி உட்காரக் கூடாது. வெளிச்சம் எங்கே படுகிறதோ பிள்ளைக்கு அங்கே ஊனம் வரும், குறைந்தபட்சம் கறுப்பாகத் தழும்பாவது விழும். இதையெல்லாம் கதவுக்கு வெளியிலிருந்து இரண்டு தரம் சொன்னார்.

"காத்து வருதா காமாட்சி?" என்று நான் கேட்டேன்.

"வேண்டியது வருதுண்ணே" என்று உள்ளிருந்து பதில் வந்தது. குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

அடுப்படிக் கதவுக்கு முன்னால் மஞ்சள் கரைத்த தண்ணீர்த் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தினார் அத்தை. நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அதன்பின் லயமே ஓய்ந்துவிட்டது.

நான் வாசலில் கண்ணாடித் துண்டோடு காத்திருந்தேன். வானம் முழுக்க மேகம். பகல் பன்னிரண்டுக்குச் சூரியன் கொஞ்ச நேரம் தலை நீட்டியது. கரிக் கண்ணாடியில் பார்த்தால் அப்பளம் மாதிரி முழுசாக இருந்தது. அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

"கண்ணாடியில கரியைப் பூசிட்டுப் பாத்தா என்ன தம்பி தெரியும்?" என்றார்.

ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. ஒரு கோழி தாம்பாளத்தில் தண்ணீர் குடிக்க வந்தது. அதன் இறக்கை பட்டதோ என்னவோ, உலக்கை தடாலென்று விழுந்தது. கோழி ஓடியதை நான் பார்த்தேன். அத்தை பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டு எழுந்து வந்தார். பஞ்சாங்கத்துக் கணக்கும் ஒரு மணி, உலக்கையும் விழுந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? "விட்டுருச்சு" என்ற சொல் வீட்டுக்கு வீடு போய், லயம் முழுக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சின்னையா குளிக்கத் தண்ணீர் கொண்டுவர வாளிகளோடு புறப்பட்டார். ஆனாலும் அத்தை உடனே கதவைத் திறக்கவில்லை. இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று ஒன்றரை மணிவரை பொறுத்தார்.

"அத்தை, கோழி தட்டித்தான் விழுந்துச்சு. கொஞ்சம் பொறுங்க" என்றேன். மேலே பார்த்தேன். இந்தக் களேபரத்தில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்துப் போனதைக் கவனிக்கத் தவறியிருந்தேன், இப்போது சரியான மேகம். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தன நேரந்தான் அந்தப் பொண்ணு உள்ளயே வேகும்?" என்று சாக்கை உருவிவிட்டுக் கதவை ஒரு சாண் திறந்தார்.

உள்ளிருந்து காமாட்சியின் குரல் வந்தது. "தெறக்காதீங்க அத்தை. இன்னும் விடல. இப்பத்தான் புடிக்குது."

அத்தையின் கை கதவிலேயே நின்றது. "ஒனக்கு எப்படிடி தெரியும்?"

சொல்லாமல் இருந்தால் கிரகணத்தில் வெளியே வர வேண்டும். சொன்னால் பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் அகப்பட்டுக்கொண்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தரையில இருக்கு" என்றாள் கடைசியில்.

அத்தை உள்ளே நுழைந்தார். நான் பின்னாலேயே நுழைந்து கதவைச் சாத்தினேன். இருட்டு. அந்தச் சமயம் பார்த்து மேகம் விலகியது.

அடுப்படிக் கூரைக்கு எங்கோ பிரித்த பழைய தகரத்தைப் போட்டிருந்தார்கள். அதில் பழைய ஆணி ஓட்டைகள் ஏராளம். புகை போகட்டும் என்று யாரும் அவற்றை அடைக்கவில்லை. வெயில் அடித்தால் அந்த ஓட்டைகள் வழியாகத் தரையில் காசு காசாக வெளிச்சம் விழும். அத்தை அடுப்படியில் இருப்பது விடியுமுன்னும் பொழுது சாய்ந்தும்தான், அவருக்கு அது தெரிய வழியில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் காமாட்சி தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது எங்கள் கண் முன்னால் அத்தனை காசும் ஒரே பக்கத்தில் கடிபட்டிருந்தது. தரையில், அம்மிக்கல்லில், குடத்தின் வயிற்றில், அடுப்புச் சாம்பலில், எங்கும் கடிபட்ட சின்னச் சின்னச் சூரியன்கள். காமாட்சியின் முழங்காலில் இரண்டு. வயிற்றின் மேல் இழுத்துவிட்ட புடவையில் மூன்று.

அவளை ஒளித்துவைக்க அந்த லயத்திலேயே கிரகணம் நன்றாகத் தெரிகிற இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

அத்தை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூலையில் கிடந்த கம்பளியை எடுத்துக் காமாட்சியின் மேல் போர்த்தினார். தகரக் கூரையின் கீழே அந்தப் புழுக்கத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி எப்படித் தாங்குவாள்? கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிக் கம்பளியைத் தள்ளிவிட்டாள். திரும்பப் போர்த்தினார். திரும்பத் தள்ளினாள்.

"அத்தை, நான் கூரை மேல ஏறி சாக்கைப் பரப்பிடுறேன்" என்றேன்.

"தகரம் தாங்காது. விழுந்து வச்சா ஒங்களையும் நான்தான் பாக்கணும்."

சொல்லிக்கொண்டே மண்டியிட்டார். காமாட்சியைப் பாயில் சாய்த்து, இரண்டு பக்கமும் கைகளை ஊன்றி, அவளுடைய வயிற்றின் மேல் படாமல் கவிழ்ந்துகொண்டார். ரவிக்கை போடாத தலைமுறை. மூன்று சூரியன்களும் புடவையிலிருந்து அவர் முதுகுக்கு ஏறின. அவற்றோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு.

அப்படியே கிடந்தார். மேகம் வந்து அறை இருண்டால் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கீழேயிருந்து காமாட்சி சுவரைப் பார்த்து, "வந்துருச்சு அத்தை" என்பாள். உடனே கவிழ்ந்துகொள்வார். வெளியே வந்து நின்ற சின்னையாவிடம் கதவைத் திறக்காமலே விஷயத்தைச் சொன்னேன்.

நேரம் போகப் போகச் சூரியன்கள் மெலிந்தன. பாதியாயின, அரிவாளாயின, கடைசியில் நறுக்கிப் போட்ட நகம் போல ஆயின. வெளியே திடீரென்று குளிர் காற்று. கடைத்தெருப் பக்கம் தூரத்தில் தகரம் தட்டுகிற ஓசையும் பட்டாசும் கேட்டன. குலாயில் இறங்கிய கிழவியும் இந்நேரம் கொளுத்திக்கொண்டிருப்பார். லயத்தில் அடுப்புப் பற்றவைத்தவர்கள் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு உள்ளே ஓடுகிற சத்தமும் கேட்டது. இதையெல்லாம் காதால்தான் கேட்டேன். கரிக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. ஓர் எட்டு வெளியே வைத்து அண்ணாந்தால் போதும். போகத் தோன்றவில்லை.

"நீ பாத்தியா?" என்று அத்தை குனிந்தபடியே கேட்டார்.

"பாத்தேன் அத்தை."

"எப்பலருந்து?"

"புடிச்சதுலருந்து. அது பாட்டுக்கு மேல விழுந்துச்சு. கண்ணை எங்க வைக்கிறது?"

பிறகு அத்தை, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"மொதல்ல பிஸ்கோத்தைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு அத்தை."

"ம்" என்று என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எம்முதுகுல இப்ப எப்படி இருக்கு தம்பி?"

"மூணாம் பிறை மாதிரி இருக்குங்க."

"நெறயவா?"

"நெறய."

"இருக்கட்டும்" என்றார்.

அவர் மூச்சு விடும்போது முதுகெலும்பும் தோள்பட்டையும் ஏறி இறங்கின. பிறைகளும் கூடவே ஏறி இறங்கின. வருஷக்கணக்காகப் பால்வாளி சுமந்து காய்த்துப்போன தோள். அவருக்கு அது வெறும் வெளிச்சம் இல்லை. பிள்ளையைத் தின்னும் விஷம். அதை நம்புகிறவர்தான் அதைத் தம் மேல் வாங்கிக்கொண்டு கிடந்தார். நேற்றுவரை உலக்கைக்காக மனசுக்குள் அவரைக் கேலி பண்ணிக்கொண்டு வந்த எனக்கு அந்த முதுகைப் பார்த்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

நாலு மணிக்குக் காசுகள் முழுசாயின. காமாட்சி, "விட்டுருச்சு அத்தை" என்றாள். அத்தையால் நிமிர முடியவில்லை. நானும் சின்னையாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

பூசாரி வாசலில் நின்று எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சாங்கத்தில் தப்பில்லையாம். "கடல் தாண்டி வரணும்ல. வர்றதுக்கு நேரமாகாதா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய பிழை இருப்பதாக எனக்கும் தெரியவில்லை.

எல்லோரும் தலை முழுகினார்கள். பொழுது இறங்கும் நேரத்தில் லயத்து வாசல் நெடுக அடுப்பு மூட்டினார்கள். நான் கொண்டுபோன வெண்கலப் பானையில் பால் பொங்கியபோது தோட்டமே கூவியது. நம் ஊரிலாயிருந்தால் கிரகணத்தன்று ஆற்றங்கரையில் கூட்டம் நெரியும். மந்திரமும் தானமும் தர்ப்பணமும் ஆளுக்கு ஆள் நடக்கும், யார் யாருக்காகச் செய்கிறார்கள் என்று தெரியாது. இங்கே ஆறும் இல்லை, அந்தணரும் இல்லை, பஞ்சாங்கம்கூடச் சரியில்லை. இருந்த ஒன்று ஒரு மாமியாரின் முதுகு. அன்றைய பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டேன். சரிப்பின் வண்டி லயத்து முனையில் வந்து நின்றது. சொல்லிக்கொள்ளலாமென்று உள்ளே எட்டிப் பார்த்தபோது, அத்தை காமாட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லாப் பாருடி. தழும்பு ஏதாச்சும் விழுந்திருக்கா?"

காமாட்சி முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது. சுருக்கமும் எண்ணெய்ப் பளபளப்பும் தவிர அங்கே ஒன்றுமில்லை. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தன் மேல் விழுந்திருந்தால் பிள்ளை மேல் விழவில்லை என்று அர்த்தம். அதற்காகத்தான் கேட்கிறார்.

"இருக்கு அத்தை" என்றாள் காமாட்சி. "எடது தோளுக்குக் கீழ. சின்னதா, பிறை மாதிரி."

"கறுப்பாவா?"

"கறுப்பாத்தான்."

அத்தை மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார். அந்த மனுஷி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "போய்ட்டு வாங்க தம்பி. பிள்ளை பொறந்ததும் ஆள் அனுப்புறோம்" என்றார்.

வண்டிவரை காமாட்சி மெள்ள நடந்து வந்தாள். "அங்க ஒண்ணுமே இல்லையே" என்றேன்.

"தெரியும்ணே. பிள்ளை பொறக்குற வரைக்கும் தெனமும் கேப்பாங்க. தெனமும் இருக்குன்னுதான் சொல்லப்போறேன்" என்றாள்.

மாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பத்து நாள் தாண்டியதென்று சேதி வந்தபிறகுதான் துணிந்து பார்க்கப் போனேன். நன்றாகக் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. முதல் குளிப்பாட்டின்போதே அத்தை அதை உச்சி முதல் உள்ளங்கால்வரை புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம். ஒரு மறு, ஒரு புள்ளி கிடையாது. பார்த்து முடித்ததும் குழந்தையைத் தாயின் பக்கத்தில் விட்டுவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, "எனக்கு இன்னும் இருக்கா பாரு" என்றாராம்.

"இருக்கு அத்தை, முன்னைக்குக் கொஞ்சம் பெரிசாக்கூட ஆயிருக்கு" என்று சொன்னதாகக் காமாட்சி என்னிடம் சொன்னாள்.